வால்ட்டர் குரோன்கைட்

வால்ட்டர் குரோன்கைட் (நவம்பர் 4, 1916 – ஜூலை 17, 2009) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த இதழியலாளரும் தொலைக்காட்சிச் செய்தியாளரும் ஆவார். 1962 முதல் 1981 வரை சிபிஎஸ் தொலைக்காட்சியின் மாலைச் செய்தியறிக்கையை வழங்கினார். தம் சொந்தக் கருத்தைச் செய்தியோடு கலக்காதவர் என்று பெயர் பெற்றவர். 1972 இல் நடந்த ஒரு கருத்துக் கணிப்பைத் தொடர்ந்து, அமெரிக்காவின் மிக நம்பகமான மனிதர் என்று அழைக்கப்பட்டார்.

தொடக்க காலம்

மிசௌரி மாநிலத்தின் செயின்ட் ஜோசப் நகரில் பிறந்து, டெக்சாசில் வளர்ந்தார். டெக்சாசு பல்கலைக்கழகப் படிப்பை 1935 இல் இடையில் விட்டுச் செய்தித்துறையில் நுழைந்தார். 1937 இல் யுனைட்டட் பிரெசு செய்தி நிறுவனத்தில் சேர்ந்தார். அதன் செய்தியாளராக இரண்டாம் உலகப் போரையும், பின்னர் நியூரம்பெர்க் விசாரணையையும் நேரில் கண்டு எழுதினார்.

தொலைக்காட்சிப் பணி

1950 இல் சிபிஎஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். 1952 இல் நடந்த அரசியல் கட்சி மாநாடுகளின் ஒளிபரப்பை ஒருங்கிணைத்து வழங்கினார். நங்கூரம் எனப் பொருள்படும் "ஆங்கர்" என்னும் சொல் செய்தி வழங்குபவரைக் குறிக்கும் சொல்லாகப் பரவியதற்கு அப்பணியும் ஒரு காரணமாகும். 1962 ஏப்ரல் 16 இல் மாலைச் செய்தியறிக்கையின் பொறுப்பை ஏற்றார். 15 நிமிடங்களாக இருந்த அவ்வறிக்கை 1963 செப்டம்பர் 2 முதல் 30 நிமிடங்களாக நீட்டிக்கப்பட்டது. இவர் எழுதிக் கொடுத்ததைப் படிப்பவராக மட்டும் இருக்கவில்லை. நிர்வாக ஆசிரியராக, எவை செய்தியாக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதிலும் பங்கு கொண்டார்.

1963 நவம்பர் 22 இல் குடியரசுத் தலைவர் கென்னடி சுடப்பட்டபோது, படப்பிடிப்புக் கருவி சூடேறிச் செயற்படச் சிறிது நேரம் தேவைப்பட்டது. ஆகவே முதல் அறிவிப்பு குரலாக மட்டுமே ஒலித்தது. கென்னடி இறந்துவிட்டார் என்ற தகவல்கள் வந்தபோதும், உறுதியான செய்தி கிடைக்கும் வரை அவற்றை உறுதிப்படுத்தப்படாத தகவல்கள் என்றே கூறினார். உறுதியான பின் இறப்பை அறிவிக்கையில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், குரல் தழுதழுத்தது.

வியட்நாம் போர்

1968 பெப்ரவரியில் வியட்நாம் சென்று திரும்பிய குரோன்கைட், அம்மாதம் 27 ஆம் நாள் ஒளிபரப்பான சிறப்பு நிகழ்ச்சியின் முடிவில் தம் வழக்கத்திலிருந்து விலகினார். இனிக் கூறுவது தம் சொந்தக் கருத்து என்று முன்னறிவித்துவிட்டு, போர் வெற்றி தோல்வியற்ற தேக்கத்தில் முடியக்கூடும் என்றும், பேச்சுவார்த்தையே தக்க வழி என்றும் கூறினார். இதைப் பார்த்ததுமே குடியரசுத் தலைவர் ஜான்சன் மனம் தளர்ந்தார் என்று பரவலாகக் கூறப்படுகிறது. ஆனால் ஒளிபரப்பின்போது ஜான்சன் டெக்சாசில் ஒரு விழாவில் இருந்தார். அதை நேரலையில் பார்க்கவில்லை. எனினும், கருத்துக் கூறத் தயங்கும் ஒருவர் கூறியதாலேயே அச்சொற்கள் தனி மதிப்பைப் பெற்றன.

1972 அக்டோபரில், தேர்தலுக்கு முன், வாட்டர்கேட் ஊழலை இரு பகுதிகளாக விரிவாக வழங்கினார். முதற்பகுதிக்குப் பின் வெள்ளை மாளிகை நிறுவனத்துக்கு அழுத்தம் கொடுத்தது. இரண்டாம் பகுதி சுருக்கப்பட்டபோதிலும் ஒளிபரப்பானது.

ஓய்வும் சிறப்புகளும்

1981 மார்ச் 6 இல் ஓய்வு பெற்றார். டான் ராதர் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டிலேயே குடியரசுத் தலைவரின் விடுதலைப் பதக்கம் பெற்றார். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் இதழியல் பள்ளிக்கு 1984 இல் இவரது பெயர் சூட்டப்பட்டது. நியூயார்க் நகரில் தம் 92 ஆம் அகவையில் காலமானார்.