பதினாறு வயதும் ஓர் அடையாள அட்டையும்

மடிக்கணினியும் இணைய இணைப்பும் வாய்த்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ஒரு மாலைப் பொழுதிற்குள் தனக்கென ஓர் உரையாடல் நிரலை உருவாக்கிவிட முடியும். சாட்பாட் என இன்று யாவரும் வழங்கும் அந்நிரலை ஆக்கப் பட்டம் எதுவும் வேண்டியதில்லை. டெலிகிராம் நிறுவனம் 2015 ஜூனில் இதற்கென வாயிலைத் திறந்தபோது, ‘பாட்ஃபாதர்’ என்னும் கணக்கிற்கு ஒரு கட்டளை அனுப்பினால் நிரலை இயக்கும் ரகசியச் சாவி உடனே கிடைக்கும் என்றே ஏற்பாடு செய்தது. அடையாள அட்டையைக் கேட்பாரில்லை. எனினும் எல்லா வாயில்களும் இத்தகையன அல்ல. நிரலை ஆக்கியவர் யார், அவருக்கு வயது என்ன என்பதை மெய்ப்பிக்கக் கோரும் விதிகள் அண்மை ஆண்டுகளில் பெருகிவிட்டன. அவற்றின் நியாயத்தையும் அவற்றால் விளையும் இடரையும் நாம் ஒருசேர எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது.

இதில் முன்னோடியாகக் கொள்ளத்தக்கது டிஸ்கார்டு நிறுவனத்தின் விதியாகும். விளையாட்டு ஆர்வலரும் மாணவரும் குழுக்களாகக் கூடி உரையாடும் களம் அது. அக்குழுக்களை அங்கே ‘சர்வர்’ என்பர். பதின்மூன்று வயது நிரம்பியோர் அதில் சேரலாம். 2020 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஒரு வரையறையை அறிவித்து, அவ்வாண்டு அக்டோபர் 7 முதல் நடைமுறைப்படுத்தியது. நூறு சர்வர்களில் இடம்பெற்ற நிரல், அதை ஆக்கியவரின் அடையாளம் சரிபார்க்கப்படாதவரை, நூற்றொன்றாவது சர்வருக்குள் நுழைய இயலாது. சரிபார்ப்புப் பணி ஸ்டிரைப் என்னும் பணப்பரிமாற்ற நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அரசு வழங்கிய அடையாள அட்டையின் படத்தை அனுப்ப வேண்டும். வயது பதினாறேனும் ஆகியிருக்க வேண்டும்.

இவ்விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. நூறு குழுக்களில் அமர்ந்திருக்கும் நிரல் ஒன்று பல்லாயிரம் பேரின் வருகையையும் பேச்சையும் கண்காணிக்க வல்லது. உறுப்பினர் பட்டியல், அவர்கள் இணைப்பில் இருக்கும் நேரம் ஆகியவற்றைப் பெறவும் தனி அனுமதி வேண்டும் என அதே ஆண்டில் விதிக்கப்பட்டது. 2022 இல் செய்திகளின் உள்ளடக்கத்தைப் படிப்பதற்கும் அவ்வாறே ஆயிற்று. பிறர் பேச்சைச் சேகரிப்பவன் முகமற்றவனாய் இருத்தல் தகாது என்னும் கருத்தை நாம் மறுப்பதற்கில்லை.

ஆயினும் எல்லைக்கோடு எவ்விடத்தில் விழுகிறது என்பதை நோக்க வேண்டும். பதின்மூன்று வயதில் உள்ளே அனுமதிக்கப்பட்ட சிறுவன், பதினான்காம் வயதில் ஆக்கிய நிரல் பலராலும் விரும்பப்பட்டு நூறை எட்டுகிறது. தோற்றிருந்தால் அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கமாட்டார்கள். வெற்றியடைந்ததனாலேயே அவன் தடுக்கப்படுகிறான்! இரண்டு ஆண்டுகள் காத்திருப்பதும், வேறொருவர் பொறுப்பில் நிரலை ஒப்படைப்பதும்தான் அவன்முன் உள்ள வழிகள்.

செயற்கை நுண்ணறிவு சார்ந்த நிரல்களில் இக்கோடு இன்னும் உயர்கிறது. கூகுளின் ஜெமினியை நிரல்வழியே பயன்படுத்தப் பதினெட்டு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஓபன்ஏஐ நிறுவனமோ பதினெட்டுக்கு உட்பட்டோரிடம் பெற்றோரின் இசைவைக் கோருகிறது; அதன்மேல், 2025 ஏப்ரலில் சில உயர்தர மாதிரிகளைப் பயன்படுத்த விழைவோர் அரசு அடையாள அட்டையைக் காட்ட வேண்டும் எனவும் அறிவித்தது.

பதினெட்டு என்னும் எண் எங்கிருந்து வந்தது என வினவின், இந்திய நிலையில் விடை பழைய சட்டங்களில் உள்ளது. 1875 ஆம் ஆண்டின் வயதடைவுச் சட்டம் அதனை வரையறுத்தது. வயது வராதவர் செய்யும் ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என மோகரி பீபி வழக்கில் 1903 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. ‘நான் ஒப்புக்கொள்கிறேன்’ என்னும் கட்டத்தைச் சிறுவன் அழுத்துவதால் நிறுவனத்திற்குக் கிட்டும் உறுதி மிகக் குறைவு. எனவே நிறுவனங்கள் வயது வந்தோரையே நாடுகின்றன. (பருவமடைதல் வேறு, பொருளைக் கையாளும் விவேகமாகிய ருஷ்து வேறு என ஃபிக்ஹு நூல்கள் பிரித்துப் பேசுவதை நம் வாசகர் அறிவர். அட்டையைப் படம்பிடிக்கும் சரிபார்ப்போ பிறந்த தேதியை மட்டுமே அறியும்.)

நடைமுறையில் எழும் சிக்கல் வேறொன்றும் உண்டு. நம் நாட்டில் பதினெட்டுக்கு முன் வாக்காளர் அட்டை இல்லை. சிறார் பெயரில் வழங்கப்படும் பான் அட்டையில் புகைப்படம் இருப்பதில்லை. எஞ்சுவன பாஸ்போர்ட்டும் ஆதாரும்தாம். நடுத்தரக் குடும்பத்துச் சிறுவர் பலரிடம் முன்னது இருப்பதில்லை; பின்னதை அயல்நாட்டு நிறுவனத்திற்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது இயல்பே.

அத்தயக்கத்தை வீண் அச்சம் எனத் தள்ளிவிடலாகாது. 2025 அக்டோபரில் டிஸ்கார்டு நிறுவனமே ஒரு செய்தியை ஒப்புக்கொண்டது. வாடிக்கையாளர் குறைகளைக் கவனிக்க அது அமர்த்தியிருந்த வெளி நிறுவனம் ஒன்றின் வழியே, சுமார் 70,000 பயனாளரின் அடையாள அட்டைப் படங்கள் அயலார் கைக்குச் சென்றிருக்கக்கூடும் என்பதே அது. வயது குறித்த முறையீடுகளுக்காக அனுப்பப்பட்ட படங்கள் அவை. நிரல் ஆக்குவோர் அனுப்பியவை அல்ல எனினும், பாதுகாப்பின் பொருட்டுக் கேட்கப்பட்டதே பாதுகாப்பின்றிப் போயிற்று. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். பிறந்த தேதியை எவ்வாறு மாற்றுவது?

அட்டையின் நகல் வெளியே போகாமலேயே வயதை மெய்ப்பிக்கும் முறையும் இயலாததன்று. 2023 ஆம் ஆண்டின் இந்திய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டுக்கு உட்பட்டோரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க இசைவைக் கோருகிறது. 2025 நவம்பரில் வெளியான அதன் விதிகள், பெற்றோரின் வயதையும் அடையாளத்தையும் டிஜிலாக்கர் போன்ற அமைப்பு வழங்கும் மின்னணுச் சான்றின் மூலம் உறுதிசெய்யவும் இடமளிக்கின்றன. இக்கடமைகள் பதினெட்டு மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும். அதுவரை மகனின் நிரலைத் தம் பெயரில் பதிந்துகொள்ளும் தந்தையர், அந்நிரல் எவருடைய பேச்சைச் சேமிக்கிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறது என்பதை அவனிடமே கேட்டறிந்துகொள்ளட்டும். பதிவு எவர் பெயரில் உள்ளதோ, முறையீடும் அவரைத் தேடியே வரும்.