மாமாவின் பெயரை எங்கே எழுதுவது?

நவம்பர் 2ஆம் திகதி கத்தோலிக்கர்களுக்கு மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். அதற்கு முன் கல்முனையில் எங்கள் கோயிலில் கடித உறை தருவார்கள். குடும்பத்தில் இறந்தவர்களின் பெயர்களை எழுதி அதில் வைத்துக் கொடுத்தால், அவர்களுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படும். பள்ளிக்கூட நாட்களில் எங்கள் வீட்டில் அந்தப் பெயர்களை எழுதுவது என் வேலை. அம்மம்மா ஒவ்வொன்றாகச் சொல்லுவார். சுனாமிக்குப் பிறகு பட்டியல் நீண்டது. மாமாவின் பெயர் மட்டும் வராது.

1990 ஜூனில் கல்முனையில் பிடித்துச் செல்லப்பட்டவர்களில் மாமாவும் ஒருவர்.

"மாமாட பேரையும் எழுதட்டா அம்மம்மா?"

"அவன் செத்தத நீ கண்டியா புள்ள?"

மாமாவுக்கு வேறு பூசை இருந்தது. அவருடைய பிறந்தநாளுக்கு, "சுகமாத் திரும்பி வர வேணும்" என்று கருத்துச் சொல்லி அம்மம்மா காசு கொடுப்பார். வந்த சுவாமிமார் எவரும் மறுத்ததில்லை. வயதானவர் மீதான இரக்கம் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன்.

திருச்சபைச் சட்டமே அப்படித்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பின் 901ஆம் பிரிவின்படி, உயிரோடிருப்பவர், இறந்தவர் எவருக்காகவும் குரு பூசை ஒப்புக்கொடுக்கலாம். அதற்கு மரணச் சான்றிதழ் தேவையில்லை. 1707ஆம் பிரிவு இன்னும் கடுமையானது. கணவனோ மனைவியோ இறந்ததற்கு உரிய பத்திரம் இல்லாவிட்டால், ஆயர் விசாரித்து உறுதிகொண்ட பின்பே இறந்ததாக அறிவிக்கலாம். எத்தனை காலம் ஆளைக் காணவில்லை என்றாலும், அது மட்டும் போதாது.

அரசு இதற்கு எதிர்த்திசையில் போனது. 2010இன் 19ஆம் இலக்கச் சட்டம், யுத்தத்தில் ஒரு வருடத்துக்கு மேல் காணாமற்போனவரின் மரணத்தைப் பதிவு செய்ய வழி திறந்தது. பல தாய்மார் அதை வாங்க மறுத்தார்கள். 2016இல்தான் சட்டம் திருத்தப்பட்டு, காணாமற்போனமைக்கான சான்றிதழ் வந்தது. அம்மம்மா இரண்டையும் வாங்கவில்லை.

ஆனால் திருச்சபையின் இந்த நிதானத்துக்கும் ஒரு விலை உண்டு. இருபது வயதில் கணவனைத் தொலைத்தவள், ஆயரின் அறிவிப்பு இல்லாமல் கோயிலில் மறுமணம் செய்ய முடியாது. அதைக் கேட்டுப் போகலாம் என்பதை அவளுக்கு யாராவது சொன்னார்களா? பங்குகள் இதை வெளிப்படையாகப் பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

எங்கள் மறைமாவட்டத்துக்கு இந்தக் காயம் வெளியில் இருந்து பார்த்த ஒன்றல்ல. 1948இல் அமெரிக்காவிலிருந்து வந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15ஆம் திகதி, மாதாவின் விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து திரும்பும் வழியில் காணாமற்போனார். கூடச் சென்ற தமிழ் இளைஞரும் திரும்பவில்லை. அவருடைய சக துறவி ஹரி மில்லர் அடிகளார், மட்டக்களப்பு சமாதானக் குழுவில் இருந்தபடி, தேடி வந்த தாய்மாரிடம் விபரம் கேட்டு எழுதிவைத்தார். இறையழைத்தல் என்றால் பீடத்தில் நிற்பது என்றே நாங்கள் மறைக்கல்வியில் படித்தோம். அழுதுகொண்டு நிற்பவரிடம் பெயர், வயது, திகதி, பிடித்த இடம் என்று பொறுமையாகக் கேட்பதும் அதில் அடக்கம் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

கல்முனையில் மதிலுக்கு அப்பால் உள்ள முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே கேள்வி உண்டு. உடல் இல்லாவிட்டாலும் காயிப் ஜனாஸாத் தொழுகை தொழலாம். ஆனால் ஆள் இறந்தது தெரிய வேண்டும். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் விடுதலைப் புலிகள் கடத்திக் கொன்ற முஸ்லிம்களின் வீட்டார் உடலைக் காணாமலே இருந்தார்கள். எங்கள் ஆட்கள் இதைப் பேசுவது குறைவு.

அம்மம்மாவும் இப்போது இல்லை. நவம்பர் உறையில் அவர் பெயரை முதலில் எழுதுகிறேன். மாமாவின் பிறந்தநாள் பூசையை அம்மா தொடர்கிறார். திரும்பி வர என்றும் சொல்வதில்லை, ஆன்ம இளைப்பாற்றிக்கு என்றும் சொல்வதில்லை. போன முறை கருத்து என்ன என்று சுவாமி கேட்டார்.

"தம்பிக்காக, சுவாமி."

சுவாமி பெயரை மட்டும் எழுதிக்கொண்டார்.