கொஸ்லந்தைக் குகையும் லயத்து வாசலும்

ஊவாவில், கொஸ்லந்தை அருகே உள்ள வவுல்கல்கே குகையில் ஆயிரக்கணக்கான வௌவால்கள் வாழ்கின்றன. இலங்கை ஆய்வாளர்களும் ஜெர்மனியின் றொபர்ட் கொக் நிறுவனத்தினரும் அவற்றைப் பிடித்துப் பரிசோதித்தார்கள். பூச்சி தின்னும் இனமொன்றிலும் பழம் தின்னும் இனமொன்றிலும் கொரோனா குடும்ப வைரஸ்கள் இருப்பதை 2021இல் வெளியான அவர்களின் ஆய்வு காட்டியது. அவை கோவிட்-19 வைரஸ் அல்ல. பீதி கொள்ளத் தேவையில்லை. ஆனால், தெரிந்துகொள்ள வேண்டியது உண்டு.

விலங்கு வைரஸ் மனிதரிடையே பரவ மூன்று தடைகளைத் தாண்ட வேண்டும். எச்சில், சிறுநீர், இரத்தம் என ஏதோவொரு வழியில் நம்மை வந்தடைய வேண்டும். அதன் மேற்புறப் புரதம் நம் உயிரணுக்களின் ஏற்பிகளோடு பொருந்த வேண்டும். பிறகு, மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்ற வேண்டும். விசர்நாய்க்கடி நோய் மூன்றாவது தடையில் நின்றுவிடுகிறது; கோவிட் மூன்றையும் தாண்டியது.

முதல் தடையை உடைப்பது பெரும்பாலும் மனிதரே. 1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. வௌவால் கடித்த பழங்கள் தொழுவத்தில் விழ, நிபா வைரஸ் பன்றிகளுக்கும், அவற்றிலிருந்து தொழிலாளருக்கும் தொற்றியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2018இல் கேரளத்தின் கோழிக்கோடு, மலப்புறம் மாவட்டங்களில் நிபா 17 உயிர்களைப் பறித்தது; அங்கே பலருக்கு மருத்துவமனையிலேயே தொற்றியது.

மூன்றாவது தடை நம் தேயிலைத் தோட்ட லயங்களில்தான் மிகவும் பலவீனமாக இருக்கிறது. ஒரே காம்பராவில் ஒரு குடும்பமே உறங்கும்போது, காய்ச்சல்காரரை எங்கே தனியாகப் படுக்கவைப்பது? பல வீடுகளுக்கு ஒரே பீலித் தண்ணீர் என்றால் கை கழுவச் சொல்வதில் என்ன பயன்? தோட்ட வைத்தியசாலைகள் பல இன்னும் அரசின் முழுப் பொறுப்பில் இல்லை. புதிய நோயை முதலில் காணக்கூடிய இடங்கள் அவைதான்.

வௌவால்களை விரட்டுவது தீர்வல்ல. பயிர்ப்பூச்சிகளைத் தின்பவையும் காட்டு விதைகளைப் பரப்புபவையும் அவையே. கலைத்தால், புதிய இடங்களுக்குப் போய் மனிதரோடு இன்னும் நெருங்கும். குகையைக் குகையாக விடுங்கள். கடிபட்ட பழத்தை உண்ணாதீர்கள். விழுந்து கிடக்கும் வௌவாலைப் பிள்ளைகள் தொடவிடாதீர்கள். நாய் கடித்தால் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அரசுக்கும் கம்பனிகளுக்கும் ஒரே கோரிக்கை: காற்றோட்டமான தனிவீடு, சுத்தமான தண்ணீர், அரச மருத்துவர் உள்ள வைத்தியசாலை ஆகிய மூன்றையும் தோட்டத்துக்குக் கொடுங்கள். அடுத்த பெருந்தொற்றைத் தடுக்கும் வேலை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.