சுமையுடன் நெடும்பயணம்: மிதிவண்டிக்கு ஏற்ற கியர்

மிதிவண்டியின் கியர் என்பது, மிதியுடன் சுழலும் முன் பல்சக்கரத்துக்கும் பின்சக்கரத்தில் உள்ள பல்சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் ஆகும். கூடாரம், துணி, தண்ணீர் என 20 கிலோ சுமையுடன் பல நாள் பயணம் செல்பவருக்கு, எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதைவிட எவ்வளவு மெதுவாக ஏறலாம் என்பதே முக்கியம்.

முன்னால் 44 பல், பின்னால் 18 பல் கொண்ட, கியர் மாற்ற முடியாத சைக்கிளை எடுத்துக்கொள்வோம். மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்று சுற்றும். 28 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.23 மீட்டர். ஆகவே ஒரு மிதிச்சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 19 கி.மீ. வேகம் கிடைக்கும். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டிலிருந்து சோளிங்கர் வழியாக வேலூர் செல்ல இது போதும்.

அதே பயணம் ஜோலார்பேட்டைக்கு அருகிலுள்ள ஏலகிரிவரை நீண்டால் கதை மாறிவிடும். அங்கே 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில் ஆள், வண்டி, சுமை எல்லாம் சேர்ந்த 100 கிலோவை மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் ஏற்ற, புவியீர்ப்புக்கு எதிராக மட்டும் ஏறத்தாழ 130 வாட் திறன் தேவை. பழக்கமுள்ளவரால் இதைத் தர இயலும். ஆனால் மேற்சொன்ன சைக்கிளில் அந்த வேகத்துக்கு மிதி நிமிடத்துக்கு 18 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் உடல் எடை முழுவதையும் போட வேண்டும், முழங்கால் தாங்காது. இறங்கித் தள்ளுவதே மேல். (அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.)

முன்னால் 26 பல், பின்னால் 34 பல் என்றால் ஒரு சுற்றுக்கு 1.7 மீட்டர்தான் நகரும். அதே 6 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்தில் 59 சுற்று. தேவைப்படும் திறன் மாறவில்லை. காலால் அழுத்தும் விசை மட்டும் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது.

பிரான்சில் பால் தெ விவி (1853–1930) மலைப்பயணத்துக்கு மாற்றக்கூடிய கியர்களே ஏற்றவை என்று நெடுங்காலம் வலியுறுத்தினார். பந்தய உலகம் இணங்கத் தாமதமாயிற்று. டூர் டி பிரான்ஸ் போட்டியில் செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி 1937இல்தான் அனுமதிக்கப்பட்டது.

வாங்கும்போது "21 கியர்" என்ற எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் உள்ள மிகச்சிறிய சக்கரத்தின் பற்களையும் பின்னால் உள்ள மிகப்பெரிய சக்கரத்தின் பற்களையும் எண்ண வேண்டும். முன்பல் எண்ணிக்கை பின்பல்லைவிடக் குறைவாக இருந்தால் மலைக்கு உகந்தது. பந்தய வகைச் சைக்கிள்களில் பெரும்பாலும் இப்படி இராது. பின்னால் பெரிய சக்கரம் போட்டுக்கொள்ளலாம். ஆனால் கியர் மாற்றும் கருவி அதற்கு இடம் தருமா, செயின் நீளம் போதுமா என்று கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். ஏற்றம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும். முழு அழுத்தத்தில் மாற்றினால் செயின் கழன்றுவிடக்கூடும்.