வளர்ந்த மண் தரும் அளவுகோல்

மனிதத் தோலில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. எல்லாமே வேலை செய்வதில்லை. எத்தனை செயல்படும் என்பது, குழந்தை வளரும் ஊரின் வெப்பத்தைப் பொறுத்து முதல் இரண்டு, மூன்று வயதுக்குள் முடிவாகிவிடுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ கண்டறிந்தார். வெப்ப நாடுகளில் வளர்ந்த ஜப்பானியர்களுக்கு, ஜப்பானிலேயே வளர்ந்தவர்களைவிட அதிகச் சுரப்பிகள் வேலை செய்தன. வளர்ந்த பிறகு வெப்ப நாடுகளில் குடியேறியவர்களுக்கு அந்த எண்ணிக்கை கூடவில்லை.

நாம் வளரும் நாடு உடம்பில் இப்படிப் பதிகிறது. மனதில்? ஒரு நாட்டில் வாழ்வது நல்லதா, கெட்டதா என்று நாம் சொல்லும் கருத்திலும் இளமைக்காலம் ஒளிந்திருக்கிறதா? இதைச் சோதிப்பது எளிதல்ல. இரு நாட்டு மக்களை ஒப்பிட்டால் மொழி, மதம், வரலாறு எல்லாமே மாறுபடும். எது காரணம் என்று பிரித்தறிய முடியாது. ஒரே மக்களை இரண்டாகப் பிரித்து, இரு வேறு விதமாக வளர்த்துப் பார்க்க வேண்டும். எந்த ஆய்வுக்கூடமும் செய்யக்கூடாத அந்தச் சோதனையை ஜெர்மனியில் வரலாறே செய்தது.

இரண்டாம் உலகப் போரில் வென்ற படைகள் பங்கிட்டுக்கொண்ட பகுதிகளின் எல்லைதான் 1949-இல் கிழக்கு ஜெர்மனி, மேற்கு ஜெர்மனி என்ற இரு நாடுகளின் எல்லையானது. எந்தப் பக்கம் வேண்டும் என்று யாரும் மக்களைக் கேட்கவில்லை.

1970-களில், பொதுவுடைமை ஆட்சி நடந்த கிழக்கே, லைப்சிக் நகரில் வளர்ந்த ஒரு குழந்தையை நினைத்துப் பாருங்கள். அம்மா காலையிலேயே அதை அரசுக் காப்பகத்தில் விட்டுவிட்டு ஆலைக்குப் போவார். அக்கம்பக்கத்து அம்மாக்களும் அப்படித்தான். காலை உணவுக்கு வாங்கும் சிறு ரொட்டி 5 பெனிக் காசு. ஆண்டுகள் பல ஓடினாலும் அதே விலை. வீட்டு வாடகை சொற்பம். வேலை பறிபோய் வீட்டில் உட்கார்ந்திருக்கும் அப்பாவை அந்தக் குழந்தை கண்டதில்லை. ஆனால் டிராபன்ட் காருக்குப் பதிவு செய்தால் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எல்லை தாண்டி மேற்கே போக முயன்றால் சுடுவார்கள்.

மேற்கே ஸ்டுட்கார்ட்டில் வளர்ந்த குழந்தைக்குக் கடை நிறையப் பொருள்கள். பள்ளி நண்பகலோடு முடியும். வீட்டில் அம்மா சமைத்து வைத்திருப்பார். குடும்பக் கடமைகளுக்கு இடையூறு வராத வரைதான் மனைவி வேலைக்குப் போகலாம் என்று 1977 வரை அங்கே சட்டமே இருந்தது. இரண்டு குழந்தைகளுக்கும் தாங்கள் கண்டதுதான் உலக வழக்கம்.

1989 அக்டோபர் 9 அன்று லைப்சிக் வீதிகளில் சுமார் 70,000 பேர் அரசை எதிர்த்துத் திரண்டார்கள். சரியாக ஒரு மாதத்தில், கிழக்கையும் மேற்கையும் பிரித்த பெர்லின் சுவர் திறந்தது. மறு ஆண்டு நாடு ஒன்றானது.

அதன்பின் 1997-லும் 2002-லும் ஜெர்மானியக் குடும்பங்களிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. வேலை இழந்தவர், நோயாளி, முதியவர் ஆகியோரின் பணப் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு, அரசா, தனிமனிதரா? விடைகளை ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஆல்பெர்ட்டோ அலெசினா, நிக்கோலா ஃபுக்ஸ்-ஷுன்டெல்ன் இருவரும் 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அரசே பொறுப்பு என்ற விடை கிழக்கத்தியரிடம் தெளிவாகவே அதிகம். கிழக்கு ஏழ்மையானது, அதனால்தான் என்று தோன்றலாம். வருமான வேறுபாட்டைக் கணக்கில் எடுத்த பிறகும் இடைவெளி மறையவில்லை. கிழக்கில் வயது மூத்தவர்களிடம் அந்த எதிர்பார்ப்பு இன்னும் வலுவாக இருந்தது.

என்னை மலைக்க வைப்பது இதுதான். வீதியில் இறங்கி ஓர் ஆட்சியைக் கவிழ்த்த மக்கள், அந்த ஆட்சியில் பழகிய எதிர்பார்ப்பைக் கூடவே கவிழ்த்துவிடவில்லை. மேடை முழக்கங்களைவிட, நாள்தோறும் கைக்கு வந்த அந்த ரொட்டியும் காப்பகமும்தான் ஆழமாகப் பதிந்தன என்று நினைக்கிறேன்.

பதிவதற்கேற்ற பருவமும் உண்டு. பாவ்லா ஜூலியானோ, அன்டோனியோ ஸ்பிலிம்பெர்கோ ஆகியோர் 2014-இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கர்களைப் பற்றியது. 18 முதல் 25 வயதுக்குள் கடும் பொருளாதார மந்தத்தைக் கண்டவர்கள், வாழ்வில் முன்னேறுவதற்கு உழைப்பைவிட அதிர்ஷ்டமே காரணம் என்று நம்புவது அதிகம்.

வியர்வைச் சுரப்பிகளைப் போலன்றிக் கருத்துகள் மாறும், மெல்ல மாறும். கிழக்கும் மேற்கும் இதில் ஒத்துப்போக 20 முதல் 40 ஆண்டுகள் ஆகும் என்று அலெசினா குழு கணித்தது. பழைய வழக்கமும் முழுதாக மறைந்துவிடவில்லை: இன்றும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் கிழக்கில் பாதிக்கு மேல் காப்பகம் போகிறார்கள். மேற்கில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான்.

ஒன்றான நாட்டைக் குறைகூறும் கிழக்கத்தியரை நன்றி மறந்தவர் என்று மேற்கில் சிலர் ஏசுகிறார்கள். அவர் சுவரைத் திரும்பக் கேட்கவில்லை; தான் வளர்ந்த நாடு தந்த அளவுகோலால் இன்றைய நாட்டை அளக்கிறார். ஏசுபவர் கையிலும் ஓர் அளவுகோல் இருக்கிறது. அதுவும் அவருக்கு வாய்த்தது, அவர் தேர்ந்ததல்ல. ஒரு நாட்டைப் பற்றிய எந்தக் கருத்தையும் எடைபோடுவதற்கு முன், சொல்பவர் எங்கே, எந்தக் காலத்தில் வளர்ந்தார் என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும்.