மூங்கில் நட்சத்திரமும் சவுக்குக் கிளையும்

தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, காட்டாங்குளத்தூர் என ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர்களில் கிறிஸ்துமஸ் நெருங்குவதை முதலில் சொல்வது வாசலில் தொங்கும் நட்சத்திரம்தான். கீழ்த்திசை ஞானிகளைப் பெத்லகேமுக்கு அழைத்துச் சென்ற விண்மீனின் அடையாளமாக, டிசம்பர் பிறந்ததும் அது மொட்டை மாடியிலோ மாமரக் கிளையிலோ ஏறிவிடும்.

கடைகளில் ஆயத்த நட்சத்திரங்கள் பெருகுவதற்கு முன், அது வீட்டிலேயே கட்டப்பட்டது. மூங்கிலைப் பிளந்து சீவிய பத்து நீளக் குச்சிகள் வேண்டும். ஐந்தைந்தாகச் சேர்த்து இரண்டு ஐந்துமுனைச் சட்டங்கள் செய்து, ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, முனைகளை நூலால் இறுக்கிக் கட்டுவார்கள். உட்புறம் குச்சிகள் குறுக்கிடும் ஐந்து இடங்களிலும் சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் நட்சத்திரம் புடைத்து நிற்கும். மைதாப் பசை தடவி வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே ஜீரோ வாட் பல்பு மாட்டினால் வேலை முடிந்தது. ஒரு நாள் மழை பெய்தாலும் காகிதம் கிழிந்துவிடும். மறுநாள் புதுத்தாள் ஒட்ட வேண்டியதுதான். வடகிழக்குப் பருவமழையின் கடைசி நாட்களில் வரும் பண்டிகைக்கு இந்தத் தொல்லை எப்போதும் உண்டு.

நட்சத்திரத்துக்கு அடுத்தது குடில். 1223-ஆம் ஆண்டு இத்தாலியின் கிரேச்சோ ஊரில், அசிசி நகரின் புனித பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, தீவனத் தொட்டியைச் சுற்றி வழிபாடு நடத்தினார். அந்த வழக்கமே பின்னர் சிறு பொம்மைகளாக வீடுகளுக்குள் வந்தது. தமிழ்நாட்டில் அதற்குக் களிமண் பொம்மை செய்பவர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். மதுரை அருகே விளாச்சேரியில் நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்யும் கைகளே கிறிஸ்துமஸுக்குச் சூசையப்பரையும் மாதாவையும் இடையர்களையும் வடிக்கின்றன. கூரைக்கு வைக்கோல், மலைக்குக் கசக்கிய காகிதம், புல்வெளிக்கு நிஜப் பயிர். ஒரு வாரம் முன்பே தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கம்போ விதைத்தால், பண்டிகைக்குள் பசுமையாக எழும்பிவிடும். முளைப்பாரி வளர்த்துப் பழகிய நாட்டுக்கு இது இயல்பாக வந்த கலை. தொட்டில் மட்டும் வெறுமையாக இருக்கும். குழந்தை இயேசுவின் சுரூபத்தை 24-ஆம் தேதி நள்ளிரவில்தான் வைப்பார்கள்.

கிறிஸ்துமஸ் மரம் ஜெர்மனியில் 16-ஆம் நூற்றாண்டில் வேர்விட்டது. விக்டோரியா அரசியின் குடும்பம் அலங்கரித்த மரத்தைச் சுற்றி நிற்கும் படம் 1848-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியானதும் ஆங்கிலேயரிடையே பரவியது. 1882-இல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன் தன் வீட்டு மரத்தில் 80 மின்விளக்குகளை எரியவிட்டார். இன்றைய சீரியல் செட்டின் மூதாதை அதுவே. பனிநாட்டு ஊசியிலை மரத்துக்குச் செங்கல்பட்டுப் பகுதியில் இடமில்லை. இங்கு கைகொடுத்தது சவுக்கு. 19-ஆம் நூற்றாண்டில் விறகுக்காகப் பெருமளவில் நடப்பட்ட இந்த மரம் ஊசியிலை இனமே அல்ல, பூக்கும் தாவரம். ஊசிபோல் தெரிபவை கணுக்கள் நிறைந்த மெல்லிய சிறுகிளைகள். ஒரு கிளையை மணல் நிரப்பிய வாளியில் நட்டு, பஞ்சைப் பனியாக ஒட்டினால் மரம் தயார். பிளாஸ்டிக் மரத்துக்கு இல்லாத வாசனை அதற்கு உண்டு.

இந்த வட்டாரத்துக் காத்திருப்புக்குப் பழைய மையம் ஒன்று இருக்கிறது. பரங்கிமலை உச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் எழுப்பிய ஆலயம், பேறுகாலத்தை எதிர்நோக்கும் மரியன்னைக்கு உரியது. அதன் திருவிழா டிசம்பர் 18, பண்டிகைக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு.

அதற்குள் வீடுகளில் பாதி வேலை முடிந்திருக்கும். சுவருக்குச் சுண்ணாம்பு, தையற்கடையில் புதுத்துணி, அடுப்பில் எண்ணெய்ச் சட்டி. முறுக்கு, அதிரசத்தோடு ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கல்கல்லும் இப்பகுதியில் பழகிய பலகாரம். மைதா மாவை முள்கரண்டியின் பின்புறத்தில் அழுத்திச் சுருட்டிப் பொரிப்பது. அச்சு முறுக்குக்குப் பக்குவம் வேண்டும். அச்சை முதலில் எண்ணெயில் காய வைத்து, மாவில் விளிம்பு வரை மட்டுமே முக்க வேண்டும். மூழ்கிவிட்டால் முறுக்கு கழலாது. அலங்காரப் பொருள் வாங்க, 1931-இல் ஓடத் தொடங்கிய கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் பாரிமுனைக் கடைகளுக்கு வழி திறந்தது. இரவுகளில் பாடகர் குழு கிறிஸ்துமஸ் தாத்தாவுடன் வீடு வீடாக வரும்.

டிசம்பர் நடுவில் மார்கழியும் பிறப்பதால், ஒரே தெருவில் பூசணிப்பூ வைத்த கோலமும் நட்சத்திரக் கோலமும் அடுத்தடுத்துக் காணப்படும். பண்டிகை நாளில் பலகாரத் தட்டுகள் அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போகும். அவை பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வெறுமையாகத் திரும்புவதில்லை. ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள் வரை நட்சத்திரம் எரியும். அதன் பிறகு குடிலைக் கலைத்து, பொம்மைகளை வைக்கோலில் பொதிந்து பரணில் ஏற்றிவிடுவார்கள்.