காத்திருக்கும் இரண்டாவது பெருக்கி

பாவில் ஓர் இழை அறுந்தால் ஆரணி நெசவாளர் தறியை நிறுத்தி, நுனியைத் தேடி முடிந்து, விழுதிலும் அச்சிலும் கோத்த பிறகே அடுத்த ஊடையைப் போடுவார். தொலைத்தொடர்பில் அந்த அவகாசம் இல்லை. செயற்கைக்கோள் தரைநிலையத்தில் ஒரு பெருக்கி நின்றால், அதன் வழியே போகும் அத்தனை அழைப்புகளும் ஒருசேர அறுந்துவிடும். ஆகவே இரண்டு பெருக்கிகளை வைக்கிறார்கள். இரண்டாவதும் எந்நேரமும் சூடாகவே இருக்கும். வீண்செலவு என்று தோன்றலாம். ஆனால் பெருக்கியின் வெற்றிடக் குழாய் சூடேறவே சில நிமிடங்கள் பிடிக்கும். அணைத்து வைத்த மாற்று ஆபத்துக்கு உதவாது. முதலாவதன் திறன் விழுந்ததும், உலோக அலைக்குழல்கள் கூடும் இடத்திலுள்ள சுவிட்ச் கால் சுற்றுத் திரும்பி, இரண்டாவதை ஆன்டெனாவோடு இணைத்துவிடும்.

அந்த சுவிட்சே பழுதானால்? நியாயமான கேள்வி. இவ்வகை சுவிட்ச், மின்சாரம் போனாலும் கடைசியாக நின்ற நிலையிலேயே நிற்கும். பலவற்றைக் கையாலும் திருப்பலாம். கடலடி போன்ற ஆள் போக முடியாத இடத்தில் சுவிட்சையே தவிர்க்கப் பார்க்கிறார்கள். 2002இல் சென்னையையும் சிங்கப்பூரையும் கடலடி ஒளியிழைத் தடம் இணைத்தது. இத்தகைய தடங்களின் பெருக்கிகளில் இரண்டு லேசர்கள் சேர்ந்தே ஒளியிழைகளுக்கு ஆற்றல் ஊட்டும். ஒன்று அணைந்தால் ஒளி சற்று மங்கும், அறுந்துபோகாது. வழியில் அடுத்தடுத்து வரும் பெருக்கிகள் அந்தக் குறையைச் சிறிது சிறிதாக ஈடுசெய்துவிடும்.